பிஎல்-900: சான்றிதழ் வாங்கி இரண்டு ஆண்டுக்குப் பின்

சென்ற வெள்ளிக்கிழமை இரவு அக்கா மகள் கைபேசியில் அழைத்து, “மாமா, பிஎல்-900 எழுதட்டுமா? எங்க வகுப்புல நாலு பேர் பணம் கட்டிட்டாங்க” என்று கேட்டாள். அவள் பி.காம். இறுதியாண்டு படிக்கிறாள். பிஎல்-900 என்பது, அதிகம் நிரல் எழுதாமலே செயலி செய்ய உதவும் மைக்ரோசாஃப்ட் பவர் பிளாட்ஃபார்ம் என்ற கருவித்தொகுப்புக்கான அடிப்படைச் சான்றிதழ்த் தேர்வு. அந்தச் சான்றிதழை நான் 2024 பிப்ரவரியில் வாங்கினேன் என்பதும், கோவைப் பக்கம் நான் வேலை பார்க்கும் நூற்பாலையின் ஸ்டோர்ஸில் அந்தப் படிப்பை வைத்துத்தான், வாசலில் வந்து போகும் பொருள்களைப் பதிவு செய்யும் கேட் பாஸ் செயலியைச் செய்தேன் என்பதும் அவளுக்குத் தெரியும். அன்று மாலைதான் அந்தச் செயலியைப் பழுதுபார்த்து முடித்திருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. யோசித்துச் சொல்வதாகக் கூறி வைத்துவிட்டேன். யோசித்ததை, அதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தேர்வின் அமைப்பு எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1000க்கு 700 எடுத்தால் தேர்ச்சி. அது நூற்றுக்கு எழுபது வினா சரி என்று பொருளல்ல, வினாக்களின் கடினத்தைப் பொறுத்து அளவுமாற்றிக் கணக்கிடும் மதிப்பெண். தவறான விடைக்குக் கழிவு இல்லை என்பதால் எதையும் விடாமல் குறித்துவிடுவது நல்லது. முதல் முறை தவறினால் 24 மணி நேரம் கழித்து மீண்டும் எழுதலாம். தமிழில் வினாத்தாள் கிடையாது. வீட்டிலிருந்தே எழுதும் வசதி இருந்தும், மின்தடைக்கு அஞ்சி நான் தேர்வு மையத்துக்குப் போய் எழுதினேன். அதில் எந்தக் குறையும் இல்லை.

என்னை இன்றுவரை உறுத்திக்கொண்டிருப்பது பெயர்கள். ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டி வாங்கிய குறிப்பேட்டை வைத்துத்தான் படிக்கத் தொடங்கினேன். அதில், செயலிகளின் தரவைச் சேமித்து வைக்கும் காமன் டேட்டா சர்வீஸ் பற்றி ஒரு முழு அத்தியாயம் இருந்தது. எண்டிட்டி, ஃபீல்டு, ரெக்கார்டு ஆகிய மூன்றையும் வரையறையோடு மனப்பாடம் செய்தேன். மைக்ரோசாஃப்ட்டின் இலவசப் பாடங்களுக்குள் நுழைந்த பிறகுதான், அது 2020 நவம்பரிலேயே டேட்டாவெர்ஸ் ஆகிவிட்டது என்பதும், எண்டிட்டி டேபிளாகவும் ஃபீல்டு காலம்னாகவும் (column) ரெக்கார்டு ரோவாகவும் மாறிவிட்டன என்பதும் தெரிந்தது. மூன்று ஆண்டு பழைய குறிப்பை அட்டை மட்டும் மாற்றி எனக்கு விற்றிருக்கிறார்கள். வேலைகளைத் தானாக நடத்தும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளோ 2019இலேயே பவர் ஆட்டோமேட் ஆகிவிட்டது. இணையதளம் அமைக்கும் பவர் ஆப்ஸ் போர்ட்டல் 2022இல் பவர் பேஜஸ் ஆனது. நான் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 2023 நவம்பரில், உரையாடும் பாட் செய்யும் பவர் விர்ச்சுவல் ஏஜென்ட்ஸ் என்பது கோபைலட் ஸ்டுடியோ ஆயிற்று. நான்கு நாள் முன்னர் படித்து முடித்திருந்த பாடத்தின் தலைப்பே மாறிவிட்டது.

அப்போது ஒரு நோட்டில் இடப்பக்கம் பழைய பெயரையும் வலப்பக்கம் புதிய பெயரையும் எழுதி வைத்தேன். இன்றும் அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, இன்றும் அதைத் திறக்க வேண்டியிருக்கிறது. செயலியில் ஒரு சிக்கல் என்று இணையத்தில் தேடினால், சரியான விடை பெரும்பாலும் பழைய பெயரில்தான் கிடைக்கிறது. பழைய பெயர் தெரியாதவனுக்கு அந்த விடை கண்ணிலேயே படாது. பழைய பெயரை மட்டும் அறிந்தவனுக்குத் திரையில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று விளங்காது. அடிப்படை நிலைச் சான்றிதழ்களுக்குக் காலாவதி இல்லை, புதுப்பிக்கவும் வேண்டியதில்லை. அதை ஒரு சலுகையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் சான்றிதழுக்குக் கீழே இருக்கும் பெயர்களுக்குக் காலாவதி இருக்கும்போது, அந்தத் தாளைச் சுவரில் மாட்டி வைத்தவருக்கும் அதற்குள் இருப்பதைத் தொடர்ந்து படித்து வருபவருக்கும் உள்ள வேறுபாட்டை வேலைக்கு எடுப்பவர் எப்படி அறிவார் என்பது எனக்கு விளங்கவில்லை.

குறையை மட்டும் சொன்னால் நியாயமாகாது. அந்தப் படிப்பில் ஒரே ஒரு பாடம் எங்கள் ஆலைக்குப் பெரிய செலவை மிச்சப்படுத்தியது. செயலியை வெளியிலுள்ள தரவோடு இணைக்கும் கனெக்டர்களில் ஸ்டாண்டர்டு எது, தனி உரிமம் வேண்டியிருக்கும் பிரீமியம் எது என்று பிரித்துக் காட்டும் பாடம் அது. படிக்கும்போது சலிப்பாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்து எங்கள் மேலாளர், கணக்கு மென்பொருளின் தரவுத்தளமான எஸ்கியூஎல் சர்வரோடு கேட் பாஸ் செயலியை நேராக இணைத்துவிடலாமே என்றார். எஸ்கியூஎல் சர்வர் பிரீமியம் கனெக்டர் என்பதால், செயலியைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும், வாசலில் நிற்கும் காவலர்கள் உட்பட, தனி உரிமம் வாங்க வேண்டியிருக்கும் என்று அந்தக் கூட்டத்திலேயே சொல்ல முடிந்தது. பட்டியல்களையும் கோப்புகளையும் இணையத்தில் வைத்துக்கொள்ளும் ஷேர்பாயிண்ட் ஸ்டாண்டர்டு, எங்களிடம் ஏற்கெனவே இருந்த மைக்ரோசாஃப்ட் 365 உரிமமே அதற்குப் போதும். ஆகவே தினமும் காலையில் இருப்புப் பட்டியலை ஷேர்பாயிண்டில் ஏற்றிக்கொள்வதென்று முடிவாயிற்று. ஸ்டோர்ஸ் ஆள் ஒருவன் உரிமக் கணக்கைப் பற்றிப் பேசியதை மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். அந்த மரியாதையைத் தேடித் தந்தது பிஎல்-900 படிப்புதான், அதை நான் மறுக்க மாட்டேன். எக்செல்லில் இருபது ஆண்டு இஃப் (IF) சூத்திரம் போட்டுப் பழகிய கை, செயலி செய்யும் பவர் ஆப்ஸில் முதல் சூத்திரத்தை எழுதிப் பொத்தான் வேலை செய்ததைப் பார்த்தபோது அடைந்த மகிழ்ச்சியையும் மறுக்க மாட்டேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். காயில் கட்டுவதற்காக அனுப்பிய ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) மோட்டார் ஒன்று குட்டியானையில் திரும்பி வந்து வாசலில் நின்றது. காவலர் கைபேசியில் கேட் பாஸ் எண்ணைத் தேடிவிட்டு என்னை அழைத்தார். “சார், இந்த நம்பருக்கு ஒண்ணுமே வரலீங்க. நாம அனுப்புனதாவே இல்லீங்க” என்றார். நான் ஷேர்பாயிண்டைத் திறந்து பார்த்தால் பதிவு அங்கே பத்திரமாக இருந்தது. செயலி பிழைச் செய்தி எதையும் காட்டவில்லை. இல்லாத ஒன்றைத் தேடினால் எப்படி வெறுமையாகத் திரை வருமோ, அப்படியே வந்தது.

காரணம் இதுதான். தேடும் பெட்டியில் நான் போட்டிருந்த சர்ச் என்ற சூத்திரத்தை ஷேர்பாயிண்ட் தன்னிடத்தில் வைத்துச் செய்து தருவதில்லை. ஆகவே செயலி, பட்டியலின் முதல் 500 வரிகளை மட்டும் இறக்கிக்கொண்டு அவற்றுக்குள்ளேயே தேடுகிறது. அமைப்பில் மாற்றினால் அந்த அளவை 2000 வரை உயர்த்தலாம், அதற்கு மேல் முடியாது. வேலையைத் தரவு இருக்கும் இடத்திடமே ஒப்படைப்பதை டெலிகேஷன் என்கிறார்கள். ஒப்படைக்க முடியாத சூத்திரத்தின் அருகில், செயலியை வடிவமைக்கும் திரையில் சிறிய மஞ்சள் முக்கோணம் ஒன்று தோன்றும். வாசலில் நிற்பவருக்கு அது தெரியாது. முதல் ஆண்டில் 500 தாண்டியபோது அளவை 2000 ஆக்கி, சரியாகிவிட்டதென்று விட்டுவிட்டேன். இப்போது 2000 தாண்டிவிட்டது. சர்ச் என்பதை எடுத்துவிட்டு ஃபில்டருக்குள், தொடக்கத்தை மட்டும் ஒப்பிடும் ஸ்டார்ட்ஸ்வித் சூத்திரத்தைப் போட்டேன்; அதை ஷேர்பாயிண்ட் ஏற்றுச் செய்கிறது. ஆனால் எண்ணை முதல் இலக்கத்திலிருந்து தட்ட வேண்டும். காவலர்களோ கடைசி மூன்று இலக்கங்களைத் தட்டித் தேடிப் பழகியவர்கள். இரண்டு ஷிஃப்டுக்கும் வாசலில் நின்று சொல்லிக்கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது மணி ஒன்பது. அப்போதுதான் அக்கா மகள் அழைத்தாள்.

எது எதற்கு உதவும் என்று அறிமுகம் செய்வதே அடிப்படைத் தேர்வின் நோக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குள் டெலிகேஷனை எதிர்பார்ப்பது மிகை என்று எவரேனும் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் கோபம் தணியவில்லை. ஐந்து பொருள்களின் பெயர்களையும் அவற்றின் முந்தைய பெயர்களையும் நினைவில் நிறுத்தச் செலவிட்ட மாலைகளில் ஒன்றே ஒன்றை, அந்த மஞ்சள் முக்கோணம் என்ன சொல்கிறது என்று அறியச் செலவிட்டிருந்தால், அந்த மோட்டார் வாசலில் இரண்டு மணி நேரம் நின்றிருக்காது. எழுநூறும் அதற்கு மேலும் எடுத்துத் தேறியவன் நான். அந்த முக்கோணத்தை இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் பார்த்துக்கொண்டு கடந்து போயிருக்கிறேன்.

ஆகவே, இவ்வளவு நன்மையைச் சொன்ன பிறகும், அக்கா மகளிடம் இப்போது பணம் கட்ட வேண்டாம் என்றே சொன்னேன். மைக்ரோசாஃப்ட்டின் பாடங்கள் இலவசம், மாதிரித் தேர்வும் இலவசம். அவை இரண்டையும் முடிக்கட்டும், வெளியில் விற்கும் குறிப்பு எதையும் வாங்க வேண்டாம். செய்து பழகுவதற்கான டெவலப்பர் பிளானும் இலவசம்தான். ஆனால் அதற்கு வேலையிடத்து அல்லது கல்லூரிக் கணக்கு வேண்டும், ஜிமெயில் போதாது. கல்லூரியில் கணக்கு கொடுத்திருக்கிறார்களா என்று கேட்கச் சொன்னேன். நேற்று காலை, கணக்கு கிடைத்துவிட்டது என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு வரச் சொல்லியிருக்கிறேன். எக்செல்லில் 600 வரிகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாராக வைத்திருக்கிறேன். அதை அவளே ஷேர்பாயிண்டில் ஏற்றி, அவளே ஒரு தேடும் பெட்டி செய்து, 600ஆவது வரியைத் தேடிப் பார்க்கட்டும்.