வேக்கம் டப்பா வாங்கப் போகிறீர்களா?

காபிக்கொட்டையை மாசக்கணக்கில் வறுத்த அன்றைய மணத்தோடு வைத்திருக்கும் என்று ஆன்லைனில் ஒரு ஸ்டீல் டப்பா விற்கிறார்கள். மூடியிலேயே பம்ப் இருக்கும். விலை 1,800 ரூபாய். காசு கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

டப்பா பார்க்க லட்சணமாகத்தான் வந்தது. பம்பை அழுத்த அழுத்தக் காற்று வெளியேறி, மூடியில் உள்ள சிவப்புப் பட்டன் உள்ளே அமுங்கும். அது அமுங்கியே இருந்தால் காற்று புகவில்லை என்று அர்த்தம். பீபெரி, பிளான்டேஷன் ஏ என்ற இரண்டு ரகக் காபிக்கொட்டையையும் சரிபாதியாகக் கலந்து வறுத்து வாங்கி அதில் கொட்டி வைத்தேன். ராத்திரி அமுங்கின பட்டன் காலையில் எழும்பி நிற்கிறது. தினமும் இதே கதை.

விற்றவர்களிடம் கேட்டால், "புதுசா வறுத்த கொட்டை கேஸ் விடும் சார், அதான் எழும்புது. டப்பால குறை இல்ல" என்றார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் சாமர்த்தியம். வறுத்த கொட்டைக்குள் தங்கிய கார்பன் டை ஆக்சைடு பல நாள் மெல்ல மெல்ல வெளியேறும். நல்ல காபிப் பைகளில் சின்ன வால்வு வைப்பதே அதற்காகத்தான். உள்ளே இருக்கும் வாயுவை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது.

சரி, கொட்டையே இல்லாமல் பார்த்துவிடலாம் என்று டப்பாவைக் காலி செய்தேன். காய்ந்த செய்தித்தாள் துண்டு ஒன்றைப் போட்டு, பம்ப் அடித்து, பக்கெட் தண்ணீரில் முக்கி வைத்தேன். திறந்தால் தாள் சொதசொதவென்று கிடக்கிறது. மூடியின் சிலிகான் வளையத்தைக் கழற்றி விரலால் தடவினால் ஓரிடத்தில் பிசிறு நெருடுகிறது. காற்று போய்வர அந்த இடம் போதும்.

வீடியோ எடுத்து அனுப்பியதும் பேச்சு மாறியது. உணவுப் பொருள் போட்ட டப்பாவைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். காபிக்கொட்டை போட விற்ற டப்பாவில் வேறென்ன, பூவா வைப்பார்கள்? குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளே சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பதிவு செய்துகொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதை எழுதி அனுப்பிவிட்டு, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் கொடுத்தேன். அப்புறம்தான் பணம் வந்தது. திருப்பி அனுப்பிய கூரியர் செலவு என் தலையில்தான்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் டப்பா வந்த அன்றே, கொட்டை போடாமல், பம்ப் அடித்து ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். பார்சல் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள்.

என்னைக் கேட்டால் இதெல்லாம் தேவையே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஆகிற அளவு மட்டும் வாங்கி, வால்வு பையின் வாயைச் சுருட்டிக் கிளிப் போட்டு, இறுக்கமான மூடியுள்ள சாதாரண எவர்சில்வர் டப்பாவுக்குள் வையுங்கள். அடுப்புப் பக்கமும் ஜன்னலோரக் கண்ணாடி ஜாடியும் வேண்டாம். சூடும் வெளிச்சமும் மணத்தைக் கொல்லும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் கொட்டையில் ஈரம் கோக்கும், பூண்டு வாடையும் ஏறும். அதிகமாக வாங்கிவிட்டால் சின்னச் சின்னப் பொட்டலமாகக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் போடலாம். வெளியே எடுத்ததும் பிரிக்காமல், குளிர் முழுக்க விட்ட பிறகு பிரிக்க வேண்டும். சிக்கரி சேர்ப்பவர்கள் அதைத் தனி டப்பாவில் வையுங்கள், ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டிவிடும்.