பென்ஸ் சில்லி பௌல்: யூ தெருவில் ஓர் உணவகமும் ஒரு தேர்தல் கணக்கும்

வாஷிங்டன் நகரின் யூ தெரு மெட்ரோ நிலையத்திலிருந்து 13-ஆம் தெரு வாயில் வழியாக வெளியே வந்தால் எதிரிலேயே பென்ஸ் சில்லி பௌல் இருக்கிறது. டிரினிடாடில் பிறந்த பென் அலியும், பின்னர் அவரை மணந்த வர்ஜீனியாவும் ஒரு பழைய ஊமைப்படக் கொட்டகையில் 1958 ஆகஸ்டில் தொடங்கிய கடை இது. இங்கே முதலில் கேட்க வேண்டியது ஹாஃப்-ஸ்மோக். பன்றியும் மாடும் கலந்த, புகையூட்டிய தடித்த சாசேஜைக் கல்லில் நன்றாகச் சுட்டு, ரொட்டிக்குள் வைத்து, கடுகு விழுதும் நறுக்கிய வெங்காயமும் சேர்த்து, மேலே இறைச்சியும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சிய சில்லிக் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். தோல் வெடிக்கும்படி சுட்ட சாசேஜ்தான் இதன் சிறப்பு. குழம்பின் காரமோ நம் நாக்குக்கு மிகச் சாதாரணம். சைவர்களுக்கு இறைச்சியில்லாத சில்லியும் உண்டு. பாலாடைக்கட்டி ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலை இருவர் பகிர்ந்துகொள்வது நல்லது.

உணவுக்காக மட்டும் இக்கடையை மதிப்பிட்டால் பாதிதான் சொன்னதாகும். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968 ஏப்ரலில் இந்தச் சுற்றுவட்டாரம் தீப்பற்றி எரிந்தபோதும், பின்னர் மெட்ரோவுக்காகத் தெருவையே தோண்டிப் போட்டபோதும் மூடாமல் நின்ற கடை இது. 1991-இல் நிலையம் திறந்தது. அதன் பிறகு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன, வாடகை ஏறியது, தலைமுறைகளாக அங்கிருந்த கறுப்பினக் குடும்பங்கள் வெளியேறத் தொடங்கின. 1970-இல் நகர மக்களில் நூற்றுக்கு 71 பேர் கறுப்பினத்தவர். 2010 கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 51 ஆகக் குறைந்திருந்தது.

பதவியேற்புக்குப் பத்து நாள் முன்பு, 2009 ஜனவரி 10 அன்று, ஒபாமா இங்கே வந்து ஹாஃப்-ஸ்மோக் சாப்பிட்டார். உடன் வந்தவர் அப்போதைய மேயர் ஏட்ரியன் ஃபென்டி. 2006-இல் மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜனநாயகக் கட்சி முதனிலைத் தேர்தலில் நகரின் 142 வாக்குச்சாவடிகளிலும் முதலிடம் பெற்றிருந்த ஃபென்டி, 2010 செப்டம்பரில் அதே முதனிலைத் தேர்தலில் நகர மன்றத் தலைவர் வின்சென்ட் கிரேயிடம் தோற்றார். ஃபென்டியும் கறுப்பினத்தவர்தான், ஆனால் கறுப்பின வாக்காளர்களே அவரைக் கைவிட்டார்கள். அதை, புதிதாகக் குடியேறிய வெள்ளையருக்கானவை என்று கருதப்பட்ட மிதிவண்டித் தடங்களின் மீதும் நாய்ப் பூங்காக்களின் மீதும் ஏற்பட்ட எரிச்சல் என்று பலர் சுருக்கிச் சொன்னார்கள். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. அவர் நியமித்த கல்வித் தலைவர் மிஷெல் ரீ 23 பள்ளிகளை மூடினார்; தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பு 241 ஆசிரியர்களை நீக்கினார். அரசுப் பணியும் ஆசிரியப் பணியும் அந்நகரின் கறுப்பின நடுத்தர வர்க்கத்துக்கு முதுகெலும்பாக இருந்ததால், அந்த நீக்கங்கள் பள்ளி விவகாரமாக மட்டும் பார்க்கப்படவில்லை. கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்ட மூத்தவரான டோரதி ஹைட்டும் கவிஞர் மாயா ஆஞ்சலோவும் சந்திக்க விரும்பியபோது ஃபென்டி இணங்காததும் பலரைப் புண்படுத்தியது. புதிய நூலகங்களையும் பொழுதுபோக்கு மையங்களையும் அவர் கட்டியது உண்மை. ஆனால் அவை யார் குடியிருக்கப் போகும் ஊருக்காக என்பதே மக்களின் கேள்வி. ‘ஒரே நகரம்’ என்ற முழக்கத்தோடு நின்ற கிரே, அனகாஸ்டியா ஆற்றின் கிழக்கே கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள 7, 8-ஆம் வட்டங்களை மட்டுமன்றி ஃபென்டியின் சொந்த 4-ஆம் வட்டத்தையும் வென்றார். கடை இருக்கும் 1-ஆம் வட்டமோ ஃபென்டி பக்கமே நின்றது. அதற்குள் அங்கே யார் குடியேறியிருந்தார்கள் என்பதை அந்த முடிவே காட்டிவிடுகிறது.

பழைய யூ தெரு அப்படியே இருக்கிறது என்று இக்கடையைக் காட்டிச் சொல்வது சரியல்ல. சுற்றுலாப் பயணிகளின் கூட்டம் இங்கு அதிகம். ஒரு கடை பிழைத்ததால் ஒரு குடியிருப்பு பிழைத்ததாகாது. ஆயினும் ஹாஃப்-ஸ்மோக்கின் தரத்துக்காகவே தயங்காமல் போகலாம். கூட்ட நேரம் தவிர்த்துச் சென்று, மேசையை விட்டுவிட்டு முன்பக்க நீள்மேடையில் உட்காருங்கள். சாசேஜ் கல்லில் சுடப்படுவதை அங்கிருந்து பார்க்கலாம்.