கரிசலாங்கண்ணி: தலைக்கு வெள்ளை, தட்டுக்கு மஞ்சள்

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்தால் போதும், கடலூரைச் சுற்றி வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் வெள்ளைக் கரிசலாங்கண்ணி தானாக முளைத்துவிடும். நெல் போட்டவருக்கு அது களை. எங்கள் ஆயாவுக்கு அது எண்ணெய்ச் சரக்கு. மஞ்சள் கரிசலாங்கண்ணி அப்படி வராது. கீரைக்கார அம்மாவிடம் சொல்லி வைத்தோ, தெரிந்தவர் வீட்டில் தண்டு கிள்ளி வந்தோதான் வைக்க வேண்டும். மாடியில் மூன்று வருடமாக இரண்டையும் வளர்க்கிறேன். எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, தலைக்கா, வயிற்றுக்கா?

பலர் நினைப்பதுபோல ஒரே செடி இரண்டு நிறத்தில் பூப்பதில்லை. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் வேறு வேறு பேரினம். வெள்ளையின் இலை ஒடுங்கி நீண்டு, தடவினால் சொரசொரக்கும். பூ சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. இலையைக் கசக்கிக் கொஞ்ச நேரம் விட்டால் சாறு காற்றுப் பட்டுக் கறுத்துவிடும். விரலில் ஏறிய கறை லேசில் போகாது. அந்தக் காலத்தில் பச்சை குத்த இதன் சாற்றை எடுத்ததும் இதனால்தான். மஞ்சள் தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விடும். நீண்ட காம்பின் நுனியில் பூ நிற்கும்.

இதில் மூன்றாவதாக ஒன்று வந்து குட்டையைக் குழப்பும். முதல் வருடம் ஒரு நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கேட்டு வாங்கி வந்தேன். இலை தடித்துப் பளபளவென்று, மூன்று மடலாகப் பிரிந்திருந்தது. பூவும் பெரிசு. எனக்கு ஒரே சந்தோஷம். நல்லவேளை, கூட்டு வைப்பதற்கு முன் கீரைக்கார அம்மா பார்த்துவிட்டு, "இது ரோட்டு நடுவுல அழகுக்கு வெக்கிற செடியாச்சே" என்றார். சிங்கப்பூர் டெய்சி. பேர்தான் சிங்கப்பூர், பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இருக்கிற ஆசாமி. துண்டு துண்டாகக் கிள்ளிப் போட்டாலும் போட்ட இடத்தில் வேர் விடும். மடல் பிரியாமல், ஓரத்தில் ஒன்றிரண்டு பல் மட்டும் உள்ள நீள இலைதான் நமக்கு வேண்டியது. பூவைப் பார்த்து வாங்காதீர்கள், இலையைப் பாருங்கள்.

வளர்ப்பில் மஞ்சளுக்கே என் ஓட்டு. இரண்டு மூன்று கணு உள்ள தண்டை அரை நிழலில் ஊன்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். கத்திரி வெயிலில் சுணங்கினாலும் சாகாது. வெள்ளை ஒரு பருவச் செடி. பூத்துக் காய்த்ததும் அதன் கதை முடிந்தது. காய்ந்த தலைகளை உதிர்த்து மண் மேலே தூவினால் மறுபடி வரும். மண்ணைப் போட்டு மூடக் கூடாது, விதைக்கு வெளிச்சம் வேண்டும்.

எண்ணெய் காய்ச்ச வெள்ளைதான். இலையை இடித்துப் பிழிந்த சாற்றைத் தேங்காய் எண்ணெயில் விட்டுச் சிறு தீயில் வைக்க வேண்டும். சடசடப்பு அடங்கி, அடியில் கசடு மணல் மாதிரி உதிரும்போது இறக்கலாம். அவசரப்பட்டு ஈரத்தோடு இறக்கினால் பத்து நாளில் சிக்கு வாடை. நரை கறுக்குமா என்றால், எனக்குக் கறுக்கவில்லை. தலை குளிர்ச்சியாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆயா இதே சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் உலர்த்தி, திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, புகைக்கரியை எடுத்துக் கண்மை செய்வார்.

சாப்பிட மஞ்சள். கசப்பு குறைவு, சொரசொரப்பும் தொண்டையில் தட்டாது. பாசிப்பருப்புக் கூட்டு நன்றாக வரும். பூண்டு தாராளமாகப் போட வேண்டும். வடலூரில் 1867-ல் தருமசாலை தொடங்கிய வள்ளலார், பாலில் காய்ச்சிக் குடிக்கச் சொன்ன பொடியில் முதல் சரக்கு பொற்றலைக் கையாந்தகரை. தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் எல்லாம் அதற்குப் பிறகுதான். கையாந்தகரை என்பது கரிசலாங்கண்ணியின் இன்னொரு பெயர், பொன் தலை என்பது மஞ்சள் பூ. எங்கள் கடலூர் மாவட்டத்துக்காரரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன?

மஞ்சள் காமாலைக்கு மட்டும் வீட்டு வைத்தியத்தை நம்பி உட்காராதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு மருத்துவர் சொல்வது.

வெள்ளை சும்மாதானே கிடைக்கிறது என்று சாக்கடை ஓரத்திலும் தொழிற்பேட்டை வாய்க்காலிலும் பறிக்கிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பகீரென்கிறது. அங்கே ஓடுவதைத்தான் அந்தச் செடி குடித்து வளர்கிறது. வரப்பில் பறிப்பதானாலும் களைக்கொல்லி அடித்தார்களா என்று வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாடியில் ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் மஞ்சளை வையுங்கள். வெள்ளைக்கு இடம் ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை. போன கார்த்திகையில் என் வெண்டைக்காய்ப் பையில் அதுவாக வந்து உட்கார்ந்திருந்தது. வயல் மண் வாங்கி நிரப்பிய பை அது.