தசம எண்களை அடுக்க: பபிள் சார்ட்டா, க்யூசார்ட்டா?

சி மொழியில் முழு எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கிப் பழகியவர்கள், அதே புரோகிராமில் இன்ட் (முழு எண் வகை) என்று இருந்த இடத்தை டபுள் (தசம எண் வகை) என்று மாற்றிவிட்டுத் தசம எண்களுக்கு வருவார்கள். சறுக்குவது அங்கேதான். லூப் போட்டு நாமே பபிள் சார்ட்டாக அடுக்கினாலும் சரி, சி லைப்ரரியோடு வரும் க்யூசார்ட்டைக் கூப்பிட்டாலும் சரி, புள்ளிக்குப் பின்னால் இருப்பது எங்கே தொலைகிறது என்று பார்க்க வேண்டும்.

காய்ச்சல் அளவுகள் மூன்று: 98.6, 98.2, 98.9. பபிள் சார்ட்டில் அடுத்தடுத்த எண்களை ஒப்பிட்டு, இடம் மாற்ற டெம்ப் என்று ஒரு வேரியபிள் வைப்போம். எண்களை வைத்திருக்கும் அரேவை டபுளாக மாற்றியவர் டெம்ப்பை இன்ட்டாகவே விட்டிருந்தால், அதற்குள் போன 98.6 வெறும் 98 ஆகத் திரும்பும். கடைசியில் கிடைப்பது 98, 98, 98.9. எண்ணே மாறிவிட்டது, ஆனால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

க்யூசார்ட்டில் வரும் பிழை இதைவிடப் பொல்லாதது. ஒப்பிடும் ஃபங்ஷனை நாம் எழுதித் தர வேண்டும். அது இன்ட்டைத்தான் திருப்பித் தரும். முழு எண்ணுக்குச் செய்ததுபோல ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து அனுப்பினால், 98.6-க்கும் 98.2-க்கும் உள்ள 0.4 இன்ட்டாகி 0 ஆகிவிடும். இரண்டும் சமம் என்று க்யூசார்ட் நம்பிவிடும். எண்கள் அப்படியே இருக்கும், வரிசைதான் தப்பு. 98.2, 101.4 என்று தள்ளித் தள்ளி இருக்கும் எண்களை வைத்துச் சோதித்தால் சரியாக வந்து ஏமாற்றும். கழிக்காதீர்கள். முதலாவது பெரிதென்றால் 1, சிறிதென்றால் -1, சமமென்றால் 0 என்று அனுப்புங்கள்.

வேகத்தில் போட்டியே இல்லை, பெரிய பட்டியலுக்கு க்யூசார்ட்தான். சாதாரண பபிள் சார்ட்டுக்கு 10 எண்களுக்கு 45 ஒப்பீடு, 1000 எண்களுக்கு 4,99,500. கை பழக ஒருமுறை பபிள் எழுதுங்கள். அப்புறம் க்யூசார்ட்டுக்கு மாறிவிடுங்கள் என்பதே என் யோசனை.

அச்சிடும்போது, எண்ணை எப்படிக் காட்டுவது என்று பிரிண்ட்எஃப்புக்குச் சொல்லும் குறியாக வெறும் %எஃப் போட்டால் 98.600000 என்று ஆறு இலக்கம் நீளும். %.1எஃப் போதும். %6.1எஃப் என்றால் 98.6-ம் 101.4-ம் ஒன்றன்கீழ் ஒன்றாகப் புள்ளி நேராக நிற்கும். பட்டியலுக்கு எனக்குப் பிடித்தது இதுதான். %ஜி தேவையில்லாத பூஜ்யங்களை வெட்டிவிடும், ஆனால் 1234567.5 போன்ற பெரிய எண்ணைப் பத்தின் அடுக்காக மாற்றிவிடும். பிழை தேடும்போது மட்டும் %.0எஃப் பக்கம் போகாதீர்கள், 98.6-ம் 98.9-ம் இரண்டுமே 99 என்றுதான் தெரியும்.