எம்.டி.க்கு வேலை சொல்ல ஒரு ஆள்: ஆன்லைன் ஃபிட்னஸ் கோச்சிங்கில் நான்கு மாதம்

லேப்டாப் பையை எடுக்கக் காரின் பின்சீட்டுப் பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான், முதுகு பிடித்துக்கொண்டது. அன்று முழுக்க நின்றுகொண்டே மீட்டிங் நடத்தினேன். வந்தவர்கள் ஏதோ புது நிர்வாக உத்தி என்று நினைத்திருப்பார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றும் இல்லை, தசையில்தான் தெம்பு இல்லை, இப்படி உட்கார்ந்தே கிடக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். வயது 47. சொந்தக் கம்பெனி, கிட்டத்தட்ட 60 பேர். ஜிம்முக்கு மூன்று முறை வருடச் சந்தா கட்டியிருக்கிறேன், மூன்று முறையும் இரண்டாவது வாரத்தைத் தாண்டவில்லை. அப்போதுதான் என்னைப்போலவே தொழில் நடத்தும் நண்பர் ஒருவர், கம்பெனி நடத்துபவர்களுக்கும் பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்கும் என்றே இருக்கிற ஒரு ஆன்லைன் ஃபிட்னஸ் கோச்சிங் சர்வீஸைப் பற்றிச் சொன்னார். நான்கு மாதம் சேர்ந்து பார்த்தேன். பெயரைப் போடவில்லை, குறையும் நிறையச் சொல்லப்போகிறேன் என்பதால்.

கட்டணத்துக்கு என்ன கிடைக்கும் என்றால்: தனிக் கோச் ஒருவர், வாரத்துக்கு மூன்று பயிற்சிகள், ஒவ்வொன்றும் 25 நிமிடம், இரண்டு வாரத்துக்கு ஒரு வீடியோ கால், ஸ்மார்ட்வாட்சோடு பேசும் ஒரு ஆப், மாதம் ஒரு வெபினார்.

முதல் வீடியோ காலிலேயே கொஞ்சம் அசந்துபோனேன். எடை எவ்வளவு, எவ்வளவு குறைக்க வேண்டும் என்றுதான் ஆரம்பிப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் முதலில் பி.பி., சர்க்கரை, மாடி ஏறும்போது நெஞ்சு வலிக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வந்த பிறகுதான் ஆரம்பிப்போம் என்று சொல்லிவிட்டார். அப்புறம், "சார், உங்க காலண்டரைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். ஸ்கிரீனில் போட்டேன். இரண்டு வாரத்தையும் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நீங்க தனியா இருக்கிற அரை மணி நேரம் எது சார்?" என்று கேட்டார். சத்தியமாக ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு சின்ன டெஸ்ட். நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது, எத்தனை புஷ்-அப், பிளாங்க் (முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பைப் பலகைபோல நேராக வைத்திருப்பது) எவ்வளவு நேரம். புஷ்-அப் 6. ஆறாவதை அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டது பெருந்தன்மை.

இந்த சர்வீஸில் உண்மையிலேயே காசு பெறுகிற விஷயம் எதுவென்றால், ஒவ்வொரு பயிற்சிக்கும் மூன்று வடிவம் கொடுக்கிறார்கள். பச்சை நாள் என்றால் ஜிம், டம்பெல், முழு 25 நிமிடம். மஞ்சள் நாள் என்றால் ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை), 15 நிமிடம், ஹோட்டல் அறையே போதும். சிவப்பு நாள் என்றால் எதுவுமே வேண்டாம், ஸ்குவாட், புஷ்-அப், பிளாங்க், எட்டே நிமிடத்தில் ஆள் ஃப்ரீ. என்னைப் போன்ற ஆட்களுடைய வியாதி என்ன தெரியுமா, திங்கட்கிழமை போச்சு என்றால் அந்த வாரமே போச்சு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒழுங்காக ஆரம்பிக்கலாம் என்று மனசு தீர்ப்பு எழுதிவிடும். அந்த எட்டு நிமிடம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒருநாள் ஏர்போர்ட்டிலிருந்து இரவு பதினொன்றரைக்கு அறைக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் பிளாங்கில் இருந்தேன், தரையில் போன் மூக்குக்கு நேராக அதிர்ந்துகொண்டே இருக்கிறது, எடுக்கவும் முடியாது, எழவும் மனசில்லை. 40 விநாடி யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்தது அந்த நாளில் அது ஒன்றுதான்.

இன்னொன்றும் போகப் போகத்தான் புரிந்தது. காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் நான்தான் முடிவு சொல்கிறேன். ஆறு மணிக்குமேல் யாராவது வந்து இன்று காலா, தோளா என்று கேட்டால், ஆளை விடப்பா என்றுதான் தோன்றும். இங்கே அதைக் கோச் முடிவு செய்துவிடுகிறார். மத்தியானமே மெசேஜ் வந்துவிடும்: "இன்னிக்கு மஞ்சள் சார், 6:40." எனக்கு ஒருவர் வேலை சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று, அதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

நடைக்கும் அப்படித்தான். தினமும் 10,000 அடி நடக்க வேண்டுமா என்று கேட்டேன். சிரித்தார். அந்த எண் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிரபலமானதாம், கருவியின் பெயருக்கே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்றுதான் அர்த்தமாம். எனக்கு அவர் வைத்த கணக்கு 7,000. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னதைத்தான் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மிதம் என்றால் எது? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. சரி என்று, ஸ்கிரீன் பார்க்கத் தேவையில்லாத போன் பேச்சையெல்லாம் நடந்துகொண்டே பேச ஆரம்பித்தேன். மாடிப்படியில் ஏறிக்கொண்டே பட்ஜெட் பேசும்போது, அந்தப் பக்கம் இருந்தவர் என் மூச்சைக் கேட்டுவிட்டு, தொகை பிடிக்காமல்தான் பெருமூச்சு விடுகிறேன் என்று நினைத்து தானாகவே கொஞ்சம் குறைத்தார். இது கோச்சிங் கட்டணத்தில் சேர்த்தியா என்று தெரியவில்லை.

வெபினார் நான்கில் ஒன்றுதான் உருப்படி. 1953-ல் வெளிவந்த, லண்டன் டபுள் டெக்கர் பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆராய்ச்சியைச் சொன்னார்கள். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது என்று ஜெர்ரி மோரிஸ் குழு கண்டது. கம்பெனியை ஓட்டுகிறேன் என்று நானும் டிரைவர் சீட்டில்தானே உட்கார்ந்திருக்கிறேன் என்று சுருக்கென்று இருந்தது. மற்ற மூன்றில் ஒன்று, தலைவர்கள் எல்லாம் காலை நாலரைக்கு எழுவார்கள் என்ற பழைய பஜனை. நேர வித்தியாசத்தால் பன்னிரண்டு மணி வரை கால் பேசுகிறவன் நாலரைக்கு எழுந்தால் கணக்கு என்ன ஆகும்? பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். என் கோச்சே தனியாக மெசேஜ் போட்டு, "அதை விட்டுடுங்க சார்" என்றார். அதற்குப் பதில் அவர் சொன்னது காபி. கஃபீன் உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், மாலை ஐந்து மணிக் காபியில் பாதி இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கடைசிக் காபியை இரண்டு மணிக்கு மாற்றினேன். தூக்கத்துக்கு இதைவிட உதவியது வேறில்லை.

இனி குறைகள். ஆப் சுத்த வேஸ்ட். காலையில் நன்றாகத் தூங்கி எழுந்து, உற்சாகமாக வாட்சைப் பார்த்தால் 'இன்றைய தயார்நிலை 38' என்று வரும், அதோடு உற்சாகம் போய்விடும். எதை வைத்து 38 என்று எங்கேயும் விளக்கம் கிடையாது. உட்கார்ந்து அந்த ரப்பர் பட்டையை இழுக்கும்போது இதயத்துடிப்பு 170 என்று காட்டியது, எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை. மணிக்கட்டில் பச்சை ஒளி அடித்து ரத்த ஓட்டத்தைப் படிக்கிற சென்சார் அது, கையை இறுக்கிப் பிடித்தால் தடுமாறத்தான் செய்யும். பயிற்சி நேரத்தில் கழற்றி வைத்துவிட்டேன்.

மூன்றாவது மாதம் நடந்ததுதான் மன்னிக்க முடியாதது. கோச் இரண்டு வாரம் விடுப்பு. நல்லது, எல்லோருக்கும் விடுப்பு வேண்டும். ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதிலுக்கு வந்தவர் என் குறிப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், வலது தோளில் பழைய வலி இருக்கிறது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தும், தலைக்கு மேல் டம்பெல் தூக்கும் பயிற்சியை நான்கு செட் அனுப்பிவிட்டார். நானும் யோசிக்காமல் செய்தேன், தப்பு என்னுடையதும்தான். பத்து நாள் சட்டை போடுவதே பாடாக இருந்தது. புகார் எழுதினால் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று தானியங்கி மெயில். கூடவே அதே வாரம் தலைவர்களுக்கான ஸ்பெஷல் பவுடர் வாங்கச் சொல்லி மூன்று விளம்பரம்.

பலன்? புஷ்-அப் 6-லிருந்து 19. ஓய்வில் இதயத்துடிப்பு 78-லிருந்து 69. எடை இரண்டே கிலோ குறைந்தது, ஆனால் பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. முதுகு இந்த நான்கு மாதத்தில் ஒரே ஒருமுறை, நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு லேசாக முனகியது.

ஏற்கெனவே வாரம் மூன்று நாள் ஜிம்முக்குப் போகிறவர் என்றால் இது தேவையே இல்லை. சேர்வதாக இருந்தால் உங்கள் காலண்டரைப் பார்க்கிறவரையும் முதல் நாளே இதில் இழுத்துவிடுங்கள். என் உதவியாளர் அந்த நேரத்தை 'வெளி மீட்டிங்' என்று பதிந்து வைத்த பிறகுதான் யாரும் அதன்மேல் கை வைக்கவில்லை. நான் புதுப்பித்துவிட்டேன், ஆப் இல்லாத சின்னத் திட்டத்தில், அதே கோச் என்ற நிபந்தனையோடு. ரேட்டிங் கேட்டால் கோச்சுக்கு ஐந்துக்கு நாலரை, ஆப்புக்கு ஒன்று. விளம்பரத்தில் மயங்கி வாங்கிய பவுடர் டப்பா சீல் உடைக்காமல் அலமாரியில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.