கோடை இரவில் சார்ஜ் போடலாமா? மின்சாரக் காருடன் சில ஆண்டுகள்

"புகையே இல்லை என்கிறீர்களே, கரண்ட் எங்கிருந்து வருகிறதாம்?" மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருப்பார்கள். நியாயமான கேள்விதான். 30 கிலோவாட்-மணி, அதாவது 30 யூனிட் பிடிக்கும் பேட்டரி கொண்ட காரைச் சென்னையில் சில ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். எந்த மாதத்தில், எந்த நேரத்தில் சார்ஜ் போடுகிறோம் என்று சொன்னால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

மார்கழியில் யூனிட்டுக்கு 7 கி.மீ. தாராளமாகக் கிடைக்கிறது. கத்திரி வெயிலில், ஏசியைக் குறைக்காமல் நெரிசலில் ஊர்ந்தால் 5.5. நாள் முழுக்க வெயிலில் நின்ற வண்டிக்கு வந்ததும் வராததுமாகச் சார்ஜ் போட்டால் பானட்டுக்குள் விசிறி இரையத் தொடங்கும். பேட்டரியின் சூட்டைத் தணிக்கவே கொஞ்சம் மின்சாரம் போய்விடும். 15 ஆம்பியர் பிளக்கும் தொட்டால் சுட்டது. எலக்ட்ரீஷியன் 4 சதுர மி.மீ. ஒயரில் தனி லைன் இழுத்து, சுமை மீறினால் தானே துண்டிக்கும் தனி எம்சிபி சுவிட்ச் வைத்த பிறகு அந்தக் கவலை இல்லை. வாங்கப் போகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி புகைக் கணக்கு. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. யூனிட்டுக்கு 6 கி.மீ. என்று வைத்தால் 100 கி.மீ.க்கு 12 கிலோ. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 15 கிலோ கக்கும். பெட்ரோலைச் சுத்திகரித்துக் கொண்டுவரும் கணக்கையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். ஆனால் நிலக்கரி மின்சாரம் மட்டும் என்றால் யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. அப்போது என் காரும் பெட்ரோல் காரும் ஒன்றுதான்.

கோடை இரவில் நிலைமை கிட்டத்தட்ட அதுதான். 2024 மே 2 அன்று தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதற்குக் கார்கள் காரணமல்ல, ஏசிகள்தான். ஒன்றரை டன் ஏசி ஓர் இரவுக்கு எட்டு, பத்து யூனிட் இழுக்கும். என் அன்றாட ஓட்டத்துக்கு ஐந்து போதும். ஆனால் சார்ஜர் செருகிய நிமிடத்திலிருந்தே 3.3 கிலோவாட் கேட்கிறது, அதுவும் தெருவே ஏசியைப் போடும் நேரத்தில். சூரியன் போன பின் வடசென்னை, மேட்டூர், நெய்வேலி போன்ற அனல்மின் நிலையங்கள்தான் பெரும் சுமையைத் தாங்குகின்றன. போதாததை மின்சந்தையில் வாங்க வேண்டும். அங்கே தட்டுப்பாடு வந்தால் விலை யூனிட்டுக்கு 10 ரூபாய் என்ற உச்சவரம்பு வரை ஏறும்.

அதனால் மார்ச் முதல் மே வரை வார நாட்களில் சார்ஜ் போடுவதையே குறைத்துவிட்டேன். சனி, ஞாயிறு பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை செருகி வைத்தால் ஒரு வார ஓட்டத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும். மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் சோலார் இருப்பதால் அந்த நேர உற்பத்தி ஏறக்குறைய அப்படியே காருக்குப் போகிறது. சோலார் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். நண்பகலில் மாநிலத்தின் சூரிய மின்சாரமெல்லாம் எல்லோருக்கும் பொதுவான மின்கட்டமைப்பில் (கிரிட்) தான் ஓடுகிறது. அலுவலகங்கள் வாகன நிறுத்தத்தில் நாலு பிளக் வைத்தால் எவ்வளவோ மாறும். அதைக் கேட்டால்தான் எல்லா நிர்வாகத்துக்கும் காது மந்தமாகிவிடுகிறது.

ஆடி பிறந்தால் கதையே வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்று வீசும் மாதங்களில் காற்றாலைகள் இரவிலும் சுற்றுகின்றன. அப்போது இரவு சார்ஜுக்கு நான் தயங்குவதில்லை.

ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: இந்த அளவு பேட்டரியைத் தயாரிக்கும்போதே இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. அதை ஈடுகட்டப் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டியாக வேண்டும். மாதம் 300 கி.மீ. ஓட்டுபவருக்கு அந்தக் கடன் தீரவே பத்தாண்டு பிடிக்கலாம். அவர் இருக்கிற பெட்ரோல் காரையே வைத்துக்கொண்டு மெட்ரோவில் போகலாம்.