தருமபுரி பென்னாகரம் ரோட்டில் ஓர் ஓ.இ.டி வகுப்பு: 8 மாதம் படித்த நர்ஸ் எழுதுவது

பிரிட்டனில் நர்ஸ் வேலைக்கு முயற்சி செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பக்கம் உடனே வரும் பதில், "பெங்களூர் போய்ப் படி, இல்லைன்னா கேரளா போ." எனக்கு அதற்கு வழியில்லை. தருமபுரியில் 40 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் நைட் டூட்டி, சம்பளம் 14,000. அப்பா பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் லோடு ஏற்றுபவர். பெங்களூரில் ஹாஸ்டல் எடுத்துப் படிக்கும் பேச்சே வீட்டில் எழவில்லை. அப்போதுதான் கூட வேலை பார்க்கும் சிஸ்டர் ஒருவர் பென்னாகரம் ரோட்டில் இருக்கும் இந்த ஓ.இ.டி வகுப்பைப் பற்றிச் சொன்னார். ஓ.இ.டி என்பது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு.

தையல் கடைக்கு மேலே, மாடியில் ஒரே அறை. போர்டு சிறியது, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலை 6 மணிக்கு ஒரு பேட்ச், மாலை 4 மணிக்கு ஒரு பேட்ச், ஞாயிற்றுக்கிழமை தனியாக ஒன்று. நடத்துபவர் அயர்லாந்திலும் பிறகு பிரிட்டனிலும் நர்ஸாக இருந்து, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர். 3 மாதத்துக்கு 9,500 ரூபாய் கட்டினேன். அதற்கு மேல் தொடர்பவர்களுக்கு மாதம் 1,000 மட்டும். நான் நவம்பரில் சேர்ந்து ஜூன் வரை போனேன், மொத்தம் 13,500 ஆனது.

சேரப் போன முதல் நாள் மேடம் பணம் வாங்கவில்லை. எந்த நாடு என்று கேட்டார். என்னோடு வந்த பெண் துபாய் என்றாள். "அப்படின்னா உனக்கு இந்த வகுப்பு வேண்டாம்மா. அங்கே ப்ரோமெட்ரிக்னு ஒரு கம்ப்யூட்டர் தேர்வும் டேட்டாஃப்ளோன்னு சான்றிதழ் சரிபார்ப்பும்தான் கேட்பாங்க. இங்கே நான் அதைச் சொல்லித்தர்றதில்லை" என்று அனுப்பிவிட்டார். அனுப்பும் முன் ஒன்றையும் சொன்னார். துபாய் போல, எமிக்ரேஷன் கிளியரன்ஸ் (குடிபெயர்வு அனுமதி) தேவைப்படும் 18 நாடுகளுக்குப் போகும் நர்ஸுகளுக்கு 2015 முதல் தனி விதி இருக்கிறது. அதனால் கண்ட ஏஜெண்டிடமும் போகாமல் முதலில் சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரித்துக்கொள் என்றார். வந்த ஆளைத் திருப்பி அனுப்பும் வகுப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

நான் அதற்கு முன்பு ஏமாந்தவள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வேறொரு நகரத்தில் ஓர் ஏஜென்சி "எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று 60,000 முன்பணமும் என் ஒரிஜினல் சான்றிதழ்களும் வாங்கி வைத்துக்கொண்டது. 7 மாதம் ஒரு வேலையும் நடக்கவில்லை. அப்பா இரண்டு முறை நேரில் போய் உட்கார்ந்த பிறகு சான்றிதழ்கள் மட்டும் கைக்கு வந்தன. மேடம் அதைக் கேட்டுவிட்டு எங்கள் எல்லோருக்கும் சொன்னது இதுதான்: வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜெண்ட் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000, அதோடு ஜி.எஸ்.டி. பதிவு உண்டா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் நாமே பார்க்கலாம். பிரிட்டன் மருத்துவமனைக்கு ஆள் எடுப்பவர்கள் நர்ஸிடம் கட்டணமே கேட்கக்கூடாது என்று அந்நாட்டு அரசின் நடத்தை விதி சொல்கிறது. ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

சரி, படிப்புக்கு வருகிறேன். ஓ.இ.டி என்பது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு. ஓ.இ.டி தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. அங்கே நர்ஸுகளைப் பதிவு செய்யும் பிரிட்டனின் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில், அதாவது என்.எம்.சி, எழுதுதலில் 300-ம் மற்ற மூன்றில் 350-ம் கேட்கிறது. ஒவ்வொரு பகுதியும் 500-க்கு.

இந்த வகுப்பின் உயிர் எழுதும் பகுதிதான். நோயாளியின் குறிப்புகள் இரண்டு பக்கம் கொடுப்பார்கள். 5 நிமிடம் வாசித்து, 40 நிமிடத்தில் 180 முதல் 200 சொல்லுக்குள் ஒரு கடிதம் எழுத வேண்டும், பெரும்பாலும் அடுத்து பார்க்கப்போகும் நர்ஸுக்கோ டாக்டருக்கோ. 6 வருடம் நர்ஸஸ் நோட்ஸ் எழுதிய கை என்னுடையது. 6 மணிக்கு பி.பி, 8 மணிக்கு இன்ஜெக்ஷன், 10 மணிக்கு டிரெஸ்ஸிங் என்று நேர வரிசையில் எல்லாவற்றையும் எழுதித் தள்ளுவேன். முதல் கடிதத்தை மேடம் சிவப்புப் பேனாவால் பாதிக்கு மேல் அடித்துவிட்டார். வயிற்று அறுவை முடிந்து வீட்டுக்குப் போகும் அம்மாவைப் பற்றிய குறிப்பு அது. கடிதம் போவது வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸுக்கு. நான் அந்த அம்மாவுக்கு 12 வயதில் டான்சில் எடுத்ததைக்கூட எழுதியிருந்தேன். "கதவைத் தட்டிக்கிட்டு நிக்கிற நர்ஸுக்கு டான்சில் எதுக்கும்மா? சர்க்கரை இருக்குன்னு கடைசி வரியில போட்டிருக்கே, புண் ஆறாததுக்கு அதுதானே காரணம்?" என்று கேட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், படிப்பவருக்கு இது எதற்கு என்று ஒரு வார்த்தை எழுதச் சொன்னார். பதில் எழுத முடியாத வரியை எடுத்துவிட வேண்டும். எதற்காக எழுதுகிறோம் என்பது முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். இப்படி வாரத்துக்கு 3 கடிதம், ஒவ்வொன்றும் திருத்தி மறுநாளே கைக்கு வந்துவிடும். 8 மாதத்தில் ஒரு கடிதம்கூடத் திருத்தாமல் வந்ததில்லை. இதனால் என் வேலையும் மாறியது. இப்போது ஷிஃப்ட் மாறும்போது ஒப்படைப்பு சொன்னால் முக்கியமானதை முதலில் சொல்கிறேன். தொப்பூர் கணவாயில் விபத்து நடந்து ஒரே இரவில் நான்கைந்து பேரைக் கொண்டுவருவார்கள். காலையில் வரும் சிஸ்டருக்கு யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லும் விதம் தெளிவாகிவிட்டது.

பேசும் பகுதியும் நன்றாகவே நடக்கும். தேர்வில் இரண்டு நடிப்புச் சூழல், ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம் தயாராகி 5 நிமிடம் பேச வேண்டும். நாம் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளி. மேடம் நோயாளியாக உட்கார்ந்தால் நிஜமாகவே அடம்பிடிப்பார். ஊசி வேண்டாம் என்பார், அழுவார், பேச்சை மாற்றுவார். நான் ஆரம்பத்தில் வார்டில் பேசுவது போலவே, "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்பதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு விளக்கத்துக்குப் போய்விடுவேன். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்கவே இல்லையே என்று நிறுத்துவார். அதற்கும் மதிப்பெண் உண்டு என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. நம் உச்சரிப்பை வெள்ளைக்காரர் மாதிரி மாற்ற அவர் ஒருநாளும் முயன்றதில்லை. புரிகிற மாதிரி நிதானமாகப் பேசு என்பார், அவ்வளவுதான். தமிழ் மீடியத்தில் படித்த எங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

வாசித்தல் பகுதிக்குப் பழைய ஜெராக்ஸ் கட்டு ஒன்று இருக்கிறது, அதிலேயே பயிற்சி. போதுமானது.

கேட்டல் பகுதிதான் குறை. ஒலியை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள், அதற்குள் 42 கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். காது பழகினால்தான் ஆகும். ஆனால் 12 பேர் இருக்கும் பேட்சுக்கு 6 ஹெட்ஃபோன். மற்றவர்களுக்கு மேசையில் ஸ்பீக்கர். ஜன்னலுக்குக் கீழே பென்னாகரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது மாத்திரையின் அளவு 15 என்றாரா 50 என்றாரா என்றே தெரியாது. நான் சொந்தமாக ஹெட்ஃபோன் வாங்கிக்கொண்டு போனேன். சேருபவர்கள் அதையே செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேட்ச் இன்னும் நெரிசல், கூடுமானவரை தவிர்க்கலாம்.

இன்னொரு குறை எனக்கே அடியாக விழுந்தது. வகுப்பில் ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லை, எல்லாம் கையால் எழுதும் பயிற்சி. நான் பிப்ரவரி கடைசியில் பெங்களூரில் கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். டைப் அடிக்கத் தடுமாறி, கடைசிப் பத்தியை முடிக்கவே இல்லை. மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது: கேட்டல் 370, வாசித்தல் 360, பேசுதல் 350, எழுதுதல் 290. பத்து மதிப்பெண்ணில் போனது. 587 ஆஸ்திரேலிய டாலர் கட்டணம் கட்டியிருந்தேன். வீட்டில் அதை ரூபாயில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. கம்ப்யூட்டர் தேர்வு எழுத வேண்டாம் என்று மேடம் முன்பே எச்சரித்திருக்க வேண்டும். கேட்டேன். தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். அந்த மாதக் கட்டணமும் வாங்கவில்லை.

ஜூனில் தாளில் எழுதும் தேர்வாகப் பார்த்து மறுபடி எழுதினேன். எழுதுதல் 320. ஆனால் பேசுதல் 340-க்கு இறங்கிவிட்டது. அன்று காலை நைட் டூட்டி முடித்து நேராக பஸ் ஏறிப் போனது என் முட்டாள்தனம். மறுபடி தவறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரு புரோக்கரும் போனில், மூன்றாவது முறை எழுதித்தான் ஆக வேண்டும், நான் தேதி வாங்கித் தருகிறேன், 25,000 ஆகும் என்றார்.

மறுநாள் வகுப்புக்குப் போய் அழுதேன். மேடம் ஒன்றும் சொல்லாமல் போனில் என்.எம்.சி பக்கத்தைத் திறந்து என் கையில் கொடுத்து, சத்தமாகப் படி என்றார். படித்தேன். 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கேட்டல், வாசித்தல், பேசுதலில் எந்தத் தேர்விலும் 300-க்குக் கீழே போகக்கூடாது, எழுதுதலில் 250-க்குக் கீழே போகக்கூடாது. என் 290-ம் 340-ம் அந்த எல்லைக்குள் இருந்தன. முதல் தேர்வின் பேசுதல், இரண்டாம் தேர்வின் எழுதுதல், இரண்டும் சேர்ந்து நான் தேறிவிட்டேன். எனக்கு நம்பவே முடியவில்லை, மூன்று முறை படித்தேன். இங்கே சேர்ந்ததற்காக நான் சந்தோஷப்படும் காரணங்களில் இதுதான் முதலாவது. விதியை அவர் வாயால் சொல்ல மாட்டார், நம்மையே படிக்க வைப்பார். ஜி.என்.எம் எனும் நர்சிங் டிப்ளமோ முடித்தவர்களை பிரிட்டனில் எடுக்க மாட்டார்கள் என்று எனக்கு எத்தனையோ பேர் சொல்லியிருந்தார்கள். அதுவும் உண்மையில்லை என்பதை அதே தளத்தில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பதிவுக்கான காகித வேலைக்கு மேடம் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. சனிக்கிழமை மாலை யார் வேண்டுமானாலும் கோப்போடு உட்காரலாம். என் கோப்பில் சிக்கல் இனிஷியலால் வந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, ஜி.என்.எம் சான்றிதழில் அதே பெயர் வேறு ஸ்பெல்லிங்கில். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழி வாங்கி வைக்கச் சொன்னார். தமிழ்நாடு நர்ஸுகள் கவுன்சிலில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னார், ஏனென்றால் சரிபார்ப்பு அங்கிருந்துதான் என்.எம்.சி-க்குப் போக வேண்டும். போலீஸ் சான்றை அவசரப்பட்டு முன்கூட்டியே வாங்கிவிடாதே, பழையதாகிவிடும் என்றார்.

அடுத்தது என்.எம்.சி-யின் சி.பி.டி எனும் கம்ப்யூட்டர் தேர்வு. கணக்கு 15 கேள்வி, நர்சிங் 100 கேள்வி. நான் கட்டியபோது கட்டணம் 83 பவுண்டு. வகுப்பில் கணக்குக்கு மட்டும் பயிற்சி கிடைக்கும். 1 லிட்டர் சலைன், 8 மணி நேரம், ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு. வார்டில் கண்ணளவில் ரோலரைத் திருப்பியே பழகிய எங்களைத் தினமும் பத்து கணக்கு போட வைத்தார். இந்த முறை ஒரு மாதம் பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் பழகிவிட்டுத்தான் போனேன். ஒரே முறையில் முடிந்தது.

அதற்குப் பிறகு வரும் ஆஸ்கி செய்முறைத் தேர்வை பிரிட்டனுக்குப் போய்த்தான் எழுத முடியும். 10 நிலையங்கள், அதாவது அடுத்தடுத்து 10 சிறு தேர்வுகள், முழுத் தேர்வுக்குக் கட்டணம் 794 பவுண்டு. அதற்கு இங்கே பயிற்சி இல்லை. ஒரு கட்டிலும் ஒரு பொம்மையும் வாங்கிப்போட்டால் மேடமாலேயே சொல்லித்தர முடியும், அவர் அந்த வேலையைச் செய்து வந்தவர். நான் கேட்டிருக்கிறேன், நீங்களும் கேளுங்கள். அமெரிக்காவுக்கான என்க்ளெக்ஸ் தேர்வும் இங்கே கிடையாது. கிருஷ்ணகிரியிலிருந்து வந்த தம்பி அதற்காகவே பெங்களூர் மாறிப் போனான்.

இன்னொன்று, பிரிட்டனில் வேலை அழைப்பு முன்பு போல இல்லை, குறைந்துவிட்டது. இதை மேடம் சேரும்போதே எல்லோரிடமும் சொல்கிறார். நான் இரண்டு நேர்காணலில் தேறவில்லை. மூன்றாவது அடுத்த வியாழக்கிழமை. அதற்காக இப்போதும் மாலை வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார், பணம் வாங்காமல்.

நாலு ரோட்டில் இறங்கி பென்னாகரம் ரோட்டில் நடந்தால் 5 நிமிடம். மாலை பேட்சில் 12 பேர் நிரம்பிவிட்டால் அடுத்த மாதம் வரச் சொல்லிவிடுவார், அதனால் முன்பே போய்ப் பேசிவிடுங்கள். போகும்போது பாஸ்போர்ட், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், நர்சிங் சான்றிதழ் மூன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் ஒத்துப்போகிறதா என்று முதல் நாளே பார்த்துச் சொல்லிவிடுவார்.